வஞ்சிர வலையில் மாட்டிய மஞ்சள் உருளை: இது என்ன, யாரிடம் கொடுப்பது?

வலைக்காரன் பேரன் | ஞாயிறு, இரவு 10:12

மாமாவுக்குக் காசிமேட்டில் ஃபைபர் படகு. எனக்கு சோழிங்கநல்லூரில் கம்ப்யூட்டர் வேலை. கடலோடு எனக்கு மிச்சமிருக்கிற உறவு ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பு மட்டும்தான், அதனால் கேள்வி முட்டாள்தனமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளி இரவு வஞ்சிரத்துக்கு வலை விட்டிருக்கிறார்கள், நாற்பது பாகம் (ஒரு பாகம் சுமார் ஆறடி) ஆழத் தண்ணீர். விடிகாலையில் வலையை வாங்கும்போது கனத்திருக்கிறது. சுறா என்று எல்லோரும் சந்தோஷமாக இழுத்தால் மஞ்சள் நிறத்தில் ஒரு உருளை வந்து நிற்கிறது. ஆள் உயரத்துக்கு மேல் நீளம், கூம்பு மூக்கு, பின்னால் வால் மாதிரி ஒன்று, பக்கவாட்டில் ஒரு இறக்கை. இன்னொரு இறக்கை உடைந்து கடலோடு போய்விட்டது என்கிறார் மாமா. புரொப்பெல்லர் கிடையாது. எழுத்தெல்லாம் தேய்ந்திருக்கிறது, வயிற்றுப் பக்கம் பாசியும் கொட்டலசும். வலையில் மூன்று துண்டு கிழிந்து போயிற்று.

இப்போது அது அத்தை வீட்டு வாசலில் சாக்கு போர்த்திக் கிடக்கிறது. தெருவில் பாதிப் பேர் ஏவுகணை என்கிறார்கள், மீதிப் பேர் காயலான் கடையில் போட்டால் எவ்வளவு தேறும் என்று கணக்குப் போடுகிறார்கள். மாமாவின் பயம் வேறு. போலீசுக்குச் சொன்னால் விசாரணை என்று நாலு நாள் தொழில் கெடும், சொல்லாவிட்டால் பிற்பாடு வம்பு வரும். என்ன செய்யலாம்?

பள்ளிக்கரணைப் பறவை

முதலில் ஒன்று: அதைத் திறக்க விடாதீர்கள். ஸ்குரூ டிரைவரோடு ஒரு தெருப்பையன் கண்டிப்பாக வருவான், விரட்டி விடுங்கள். உள்ளே லித்தியம் பேட்டரி இருக்கலாம், உப்புத் தண்ணீர் புகுந்திருந்தால் அது தீப்பிடிக்கும். வாசலில் வைக்காமல் ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில், நிழலில் வையுங்கள். சாக்கை எடுத்துவிட்டு வால் வானத்தைப் பார்க்கிற மாதிரி சாய்த்து வைக்க முடிந்தால் நல்லது. வாலில்தான் ஆண்டெனா. உயிர் இருந்தால் தான் எங்கே கிடக்கிறேன் என்று செயற்கைக்கோளுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும், சொந்தக்காரர்கள் தானாகத் தேடி வருவார்கள்.

கடலோரக் காவல்படைக்கு 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமப் போலீசுக்கு 1093. இன்றிரவே கூப்பிடுங்கள். நாமாகச் சொன்னோம் என்பது பதிவில் இருக்கட்டும்.

நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் இது கிளைடர். கடலடி மிதவூர்தி என்று எழுதலாம், ஆனால் வேலை செய்கிற இடத்தில் யாரும் அப்படிச் சொல்வதில்லை, கிளைடர்தான்.

வலைக்காரன் பேரன்

நன்றி, 1093-க்குப் பேசிவிட்டேன், காலையில் வருகிறேன் என்றார்கள். புரொப்பெல்லர் இல்லாமல் அது எப்படி ஓடும் என்று மாமா கேட்கிறார். நானும்தான்.

பள்ளிக்கரணைப் பறவை

மாமாவுக்குச் சுலபமாகப் புரியும், உங்களுக்குத்தான் கொஞ்சம் நேரம் ஆகும். மீன் வயிற்றில் காற்றுப்பை இருக்கிறதல்லவா, அது பருத்தால் மீன் மேலே வரும், சுருங்கினால் கீழே போகும். இந்த உருளைக்குள்ளும் அதே வேலை நடக்கிறது. ஒரு சின்ன பம்ப் எண்ணெயையோ தண்ணீரையோ உள்ளே இழுத்தால் மொத்த உருவத்தின் பருமன் கொஞ்சம் குறைந்து மூழ்கும், வெளியே தள்ளினால் மிதக்கும். வெறுமனே மேலும் கீழும் போனால் ஒரே இடத்தில்தான் இருக்கும். இறக்கை இருப்பதால் இறங்கும்போதும் ஏறும்போதும் சாய்வாக வழுக்கி முன்னால் போகிறது. காகித விமானம் கீழே விழும்போது முன்னால் போகிற மாதிரி, ஆனால் மேலே "விழும்போதும்" போகும். பம்ப் ஓடுவது அடியிலும் உச்சியிலும் சில நொடிகள்தான், அதனால் பேட்டரி மாதக்கணக்கில் வரும்.

வேகம் மட்டும் கேட்காதீர்கள். மணிக்கு ஒரு கிலோமீட்டர் சொச்சம். மெரினாவில் சுண்டல் வாங்கிக்கொண்டு நடக்கிற குடும்பம் இதைத் தாண்டிப் போய்விடும். அந்த வேகத்திலேயே 2009-ல் ஸ்கார்லெட் நைட் என்ற கிளைடர் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் இருந்து ஸ்பெயின் வரை அட்லாண்டிக்கைத் தாண்டியது, 221 நாள். அப்படித் தாண்டிய முதல் கிளைடர் அதுதான்.

போகிற வழியெல்லாம் வெப்பம், உப்பு, ஆழம், சிலவற்றில் ஆக்சிஜன், பச்சையம் எல்லாம் அளந்துகொண்டே போகும். தண்ணீருக்கு அடியில் ரேடியோ அலை போகாது, ஜிபிஎஸ் கிடையாது. மேலே வந்து வாலைத் தூக்கி இருப்பிடம் பார்த்து, சேர்த்ததை அனுப்பிவிட்டு, அடுத்த கட்டளை வாங்கிக்கொண்டு மறுபடி மூழ்கும். உங்கள் மாமா வலையில் மாட்டியதும் மேலே வந்த நேரத்திலோ, வருகிற வழியிலோதான் இருக்கும்.

சந்தேகசாமி

எல்லாம் சரி, வெப்பம் உப்பு என்று இனிமையாகச் சொல்கிறீர்கள். அது நம்முடையதுதான் என்று எப்படித் தெரியும்? 2020 டிசம்பரில் இந்தோனேசியாவில் செலாயர் தீவுப் பக்கம் ஒரு மீனவர் இதே மாதிரி ஒன்றைப் பிடித்துக் கொடுத்தார். இரண்டேகால் மீட்டர் நீளம், இறக்கை, வால், எந்த நாட்டு முத்திரையும் இல்லை. கடல் ஆய்வுக் கருவி என்றுதான் அந்த நாட்டுக் கடற்படை சொன்னது. சீனத்து மாடல் மாதிரி இருக்கிறது என்று ஊரெல்லாம் பேசியது.

உப்பையும் வெப்பத்தையும் எதற்கு அளப்பான்? தண்ணீருக்குள் ஒலி எந்த வழியில் வளையும் என்பதை முடிவு செய்வதே அந்த இரண்டும்தானே. அது தெரிந்தால் நீர்மூழ்கி எங்கே ஒளியலாம், எங்கே மாட்டும் என்று தெரியும். விஞ்ஞானிக்கும் உளவாளிக்கும் வேண்டியது ஒரே அட்டவணை.

பள்ளிக்கரணைப் பறவை

இதில் உங்களோடு சண்டை போட முடியவில்லை, உண்மைதான். ஒலி கடலில் நொடிக்கு சுமார் 1500 மீட்டர் போகும், வெப்பமும் உப்பும் அழுத்தமும் மாற மாற அந்த வேகம் மாறி ஒலி வளையும். அமெரிக்கக் கடற்படையே கிளைடர் வைத்திருக்கிறது. 2016 டிசம்பரில் பிலிப்பைன்ஸின் சுபிக் விரிகுடாவுக்கு வடமேற்கே அவர்கள் ஒன்றை எடுக்கப் போகும்போது, கண்ணெதிரே சீனக் கப்பல் அள்ளிக்கொண்டு போனது. ஐந்து நாள் கழித்துத் திருப்பிக் கொடுத்தார்கள். அதற்குள் என்ன பார்த்தார்களோ.

வேறு நாட்டின் தனிப் பொருளாதார மண்டலத்தில், அதாவது 200 கடல் மைலுக்குள், கடல் ஆராய்ச்சி செய்ய அந்த நாட்டின் சம்மதம் வேண்டும் என்று ஐ.நா. கடல் சட்டம் சொல்கிறது. கப்பல் வந்தால் கேட்கலாம். இரண்டு மீட்டர் உருளை வந்தால் யார் யாரைக் கேட்பது?

ஆனால் ஒன்று. ரகசியமாக வேவு பார்க்க வருகிறவன் மஞ்சள் பெயின்ட் அடித்துக்கொண்டு வரமாட்டான். மஞ்சள் என்பது "என்னைக் கண்டுபிடியுங்கள்" என்று கத்துகிற நிறம்.

சந்தேகசாமி

உண்டியல் திருடன் காவி கட்டுவதில்லையா.

மழைப்பைத்தியம் | திங்கள், காலை 6:50

தலைப்பைப் பார்த்து மீன் ரெசிபி என்று நினைத்து உள்ளே வந்தேன், இரண்டு கப் காபி முடிந்தும் வெளியே போக முடியவில்லை.

உளவு பற்றித் தெரியாது. மழைக்காரனாக இந்த உருளைக்கு வக்காலத்து வாங்குகிறேன். வங்கக் கடல் ஒரு விசித்திரம். கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி, கோதாவரி எல்லாம் கொண்டுவந்து கொட்டுகிற நல்ல தண்ணீரும் மழைத் தண்ணீரும் மேலே மெல்லிய போர்வை மாதிரி படுத்துக்கொள்கின்றன. உப்பு குறைந்ததால் லேசு, கீழே இருக்கிற உப்புத் தண்ணீரோடு சுலபத்தில் கலக்காது. மேல் தண்ணீர் 28 டிகிரிக்கு மேலேயே சூடாகக் கிடக்கும். வழக்கமாகப் புயல் வந்தால் கடலைக் கலக்கி அடியில் இருக்கிற குளிர்ந்த தண்ணீரை மேலே கொண்டுவந்து தன் அடுப்பைத் தானே அணைத்துக்கொள்ளும். இங்கே அந்தப் போர்வை இருந்தால் அடுப்பு அணையாது.

செயற்கைக்கோள் பார்ப்பது தோலை மட்டும். பத்து மீட்டர், ஐம்பது மீட்டர் கீழே என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. அதற்குத்தான் ஆர்கோ மிதவைகள், உலகம் முழுக்க சுமார் 4000. ஆயிரம் மீட்டரில் சும்மா மிதந்துகொண்டிருக்கும், பத்து நாளுக்கு ஒருமுறை 2000 மீட்டர் வரை இறங்கி, மேலே ஏறிக்கொண்டே அளந்து, அனுப்பும். ஆனால் அதற்குத் திசை கிடையாது, நீரோட்டம் எங்கே இழுக்கிறதோ அங்கே. நினைத்த இடத்துக்கு அனுப்ப வேண்டுமென்றால் கிளைடர்தான். 2016 ஜூன், ஜூலையில் சிந்து சாதனா கப்பல் நம் சென்னையில் இருந்துதான் கிளம்பிப் போய் வங்கக் கடலின் தெற்கே கிளைடர்களை இறக்கியது, பருவமழைக்கும் கடலுக்கும் என்ன கொடுக்கல் வாங்கல் என்று பார்க்க. இந்திய, பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் சேர்ந்து செய்த வேலை.

இன்னும் துணிச்சலானது பாய்மர டிரோன். 2021 செப்டம்பர் 30 அன்று செயில்டிரோன் ஒன்றை சாம் என்ற சூறாவளிக்குள்ளேயே ஓட்டினார்கள். 50 அடி அலை, மணிக்கு 120 மைலுக்கு மேல் காற்று, உள்ளே இருந்து வீடியோ அனுப்பியது. மனிதன் ஏறிய கப்பலை அப்படி அனுப்ப முடியுமா? 2023-ல் மிக்ஜாம் நம் கரையை உரசிக்கொண்டு நகராமல் கொட்டியபோது நான் வேளச்சேரியில் முழங்கால் தண்ணீரில் நின்று ரேடார் படம் பார்த்துக்கொண்டிருந்தேன். நம் கடலுக்குள் ஒரு புயலின் வயிற்றில் இருந்து இப்படி ஒரு வீடியோ வந்தால் எனக்குத் தீபாவளி.

குமரிக்கடல்

அண்ணே, மன்னிக்கணும், கொஞ்சம் சூடாகத்தான் எழுதுவேன். 2017-ல் ஒக்கி வந்தபோது எங்கள் ஊர் ஆட்கள் ஏற்கனவே ஆழ்கடலில் இருந்தார்கள். தூத்தூர், வள்ளவிளைப் பக்கத்துப் படகுகள் வாரக்கணக்கில் தங்கித் தொழில் செய்கிறவை. புயல் உருவாகிறது என்று கரையில் தெரிந்தபோது அதைப் படகில் இருக்கிறவனிடம் சொல்ல வழி இல்லை. கடலுக்கு அடியில் உப்பு எவ்வளவு என்று தெரிந்து என்ன செய்ய, கடலுக்கு மேலே ஆள் எங்கே என்று தெரியவில்லையே. எந்திரத்துக்கு ஆண்டெனா வைத்தவர்கள் அன்றைக்கு மனுசனுக்கு வைக்கவில்லை.

இப்போது இஸ்ரோ வடிவமைத்த டிரான்ஸ்பாண்டர், அதாவது செயற்கைக்கோள் வழியாகச் செய்தி வாங்கி அனுப்புகிற கருவி, படகுகளில் பொருத்துகிறார்கள், எச்சரிக்கை தமிழிலேயே போனுக்கு வரும். நல்ல விஷயம்தான், ஆனால் எந்த விலை கொடுத்து வந்தது என்பதைச் சொல்லாமல் என்னால் இதைப் பேச முடியாது.

மழைப்பைத்தியம்

மன்னிப்பெல்லாம் வேண்டாம் தம்பி. என் பதிவில் அது விடுபட்டிருக்கக் கூடாது.

தூத்துக்குடி மக்ரூன்

நான் சரக்குக் கப்பலில் செகண்ட் ஆபீசர், இப்போது லீவில் வீட்டில். கப்பலை ஓட்டுகிற மேல்தள அறையில் நின்று பார்க்கிறவன் பக்கத்தையும் கேளுங்கள்.

மோதல் தடுப்பு விதிகளில் ஐந்தாவது விதி: எல்லாக் கப்பலும் எப்போதும் கண்ணாலும் காதாலும் சரியான கண்காணிப்பு வைத்திருக்க வேண்டும். எழுதியபோது கண், காது என்றால் மனிதக் கண், காது. ஆளில்லாக் கலத்தில் அது யார்? கேமராவா, கரையில் ஏசி அறையில் உட்கார்ந்திருக்கிறவனா? இதற்கென்று பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு தனி விதித்தொகுப்பு தயாரிக்கிறது, 2032-ல் கட்டாயமாக்குவது திட்டம். அதற்குள் எத்தனை உருளை எத்தனை வலையில் மாட்டுமோ.

ராத்திரி சென்னைக்கு வெளியே வந்தால் எதிரே மீன்பிடிப் படகு விளக்குகள் கார்த்திகை தீபம் மாதிரி இருக்கும். அதற்குள் தண்ணீரை ஒட்டி இரண்டு மீட்டர் உருளை மிதந்தால் ரேடாரில் அலையோடு அலையாகப் போய்விடும், தெரியவே தெரியாது. எங்களுக்கு ஒன்றும் ஆகாது, அதற்குத்தான் ஆகும். ஃபைபர் படகு இருட்டில் முழு வேகத்தில் வந்து இடித்தால் அப்போது படகுக்கும் ஆகும்.

அலையில் ஓடுகிற வேவ் கிளைடர் என்று ஒரு வகை உண்டு, அது பரவாயில்லை. மேலே பலகை மாதிரி மிதவை, சோலார் பேனல், விளக்கு, கொடி, ஏஐஎஸ் (கப்பல் தான் யார், எங்கே இருக்கிறேன் என்று ரேடியோவில் சொல்கிற கருவி) எல்லாம் வைக்கலாம். கீழே சில மீட்டர் ஆழத்தில் ஜன்னல் பலகைகள் மாதிரி துடுப்புகள் கொண்ட ஒரு சட்டம், இரண்டையும் கேபிள் இணைக்கும். மேலே அலை தூக்கும், கீழே தண்ணீர் அவ்வளவாக ஆடாது, அந்த வித்தியாசத்தில் துடுப்புகள் சாய்ந்து சாய்ந்து முன்னால் இழுக்கும். டீசலும் வேண்டாம், ஓடுவதற்கு பேட்டரியும் வேண்டாம். பாப்பா மாவ் என்று ஒன்று 2011 நவம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் கிளம்பி ஒரு வருஷம் கழித்து ஆஸ்திரேலியாவில் கரை சேர்ந்தது, 9000 கடல் மைலுக்கு மேல். எங்கள் கம்பெனி அந்தத் தூரத்துக்கு எரிக்கிற எண்ணெயை நினைத்தால் எனக்கு வயிறு எரியும்.

நம் நாட்டிலும் மாதங்கி என்ற ஆளில்லாப் படகை 2024 அக்டோபர் கடைசியில் மும்பையில் இருந்து எங்கள் தூத்துக்குடியை நோக்கி அனுப்பினார்கள், 1500 கிலோமீட்டர் பயணம். மக்ரூன் வாங்கத்தான் என்று எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் எழுதினார்.

சந்தேகசாமி

பாதுகாப்பு வேலைக்கு இந்த ஆமை வேகம் எதற்கு உதவும்? உக்ரைன்காரன் டிரோன் படகை வைத்து ரஷ்யாவின் மாஸ்க்வா கப்பலையே மூழ்கடித்தான். அது ஆயுதம். இது என்ன, கடலில் மிதக்கிற தெர்மாமீட்டர்.

தூத்துக்குடி மக்ரூன்

மாஸ்க்வா மூழ்கியது 2022 ஏப்ரலில், ஏவுகணையால். டிரோன் படகுகள் மூழ்கடித்தது இவானோவெட்ஸ் போன்றவற்றை, அது 2024 பிப்ரவரி. கலந்து அடிக்காதீர்கள் ஐயா.

ஆமை வேகம்தான் இங்கே விஷயமே. கடல் காவல் என்றால் துரத்துவது என்று நினைக்கிறோம். பாதிக்கு மேல் சும்மா ஒரே இடத்தில் நின்று பார்ப்பதுதான் வேலை. நம் தனிப் பொருளாதார மண்டலம் 20 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல். அதற்கு எத்தனை கப்பலை நிறுத்துவீர்கள், எத்தனை மாலுமிக்குச் சாப்பாடு போடுவீர்கள்? மாதக்கணக்கில் சலிக்காமல் நிற்கிற ஒன்று வேண்டும். கேமரா, சின்ன ரேடார், தண்ணீருக்குள் கேட்கிற மைக், ஏஐஎஸ் ரிசீவர். ஒரு கப்பலின் இஞ்சின் சத்தம் கேட்கிறது, ஏஐஎஸ்ஸில் அந்த இடத்தில் யாரும் இல்லை என்றால், எவனோ அணைத்து வைத்துக்கொண்டு போகிறான் என்று அர்த்தம். அப்போது விமானத்தையோ கப்பலையோ அனுப்பலாம். அமெரிக்கக் கடற்படை 2021 செப்டம்பரில் பஹ்ரைனில் டாஸ்க் ஃபோர்ஸ் 59 என்று ஆளில்லாக் கலங்களுக்கான ஒரு பிரிவை ஆரம்பித்தது இதே கணக்கில்தான். அடுத்த வருஷமே ஈரான் அவர்களுடைய பாய்மர டிரோன்களை இழுத்துக்கொண்டு போகப் பார்த்தது. செங்கடலில் இரண்டைத் திருப்பிக் கொடுத்தபோது கேமராவைக் காணோம். ஆளில்லாத வீட்டில் யார் வேண்டுமானாலும் நுழையலாம் என்பதுதான் இதில் உள்ள பெரிய ஓட்டை.

சென்னைக்கு இன்னொரு கணக்கும் உண்டு. சிங்கப்பூருக்குப் போகிற இணைய கேபிள்கள் நம் கரையில்தான் ஏறுகின்றன. அந்தமானுக்கு 2020 ஆகஸ்டில் திறந்த கேபிளும் இங்கிருந்துதான், சுமார் 2300 கிலோமீட்டர். அதன் மேலே யார் நங்கூரத்தை இழுத்துக்கொண்டு போகிறான் என்று எந்நேரமும் பார்க்க ஆள் வைக்க முடியாது.

வலைக்காரன் பேரன் | திங்கள், மதியம் 1:30

இடையில் ஒரு செய்தி. காலையில் போலீஸ் வந்தார்கள், தன்மையாகவே பேசினார்கள். மதியத்துக்கு மேல் ஒரு ஆய்வுக் குழு வந்து பார்க்கும் என்றார்கள். மாமாவிடம் இரண்டு மணி நேரம் கேள்வி, எந்த இடம், எத்தனை மணி, எத்தனை பாகம். அவர் கேட்ட ஒரே கேள்வி: "அதுக்கு இன்சூரன்சு இருக்கும்ல, என் வலைக்கு இன்னா?" யாரும் பதில் சொல்லவில்லை.

பாதுகாப்பு பற்றிப் பேசுகிறவர்களுக்கு என் பங்கும் ஒன்று. 2008-ல் மும்பையைத் தாக்கியவர்கள் குபேர் என்ற மீன்பிடிப் படகைக் கைப்பற்றி அதில்தான் வந்தார்கள். அதன் பிறகு அடையாள அட்டை, சோதனை, கரையில் கேள்வி எல்லாம் மாமா மாதிரி ஆட்களுக்குத்தான். கடலின் கண்ணும் காதும் நீங்கள்தான் என்று கூட்டத்தில் மாலை போட்டுச் சொல்வார்கள், மறுநாள் அட்டை எங்கே என்று கேட்பார்கள். இனிமேல் கண்ணும் காதும் இந்த உருளையா? அப்போது நாங்கள் யார், வாயா?

பள்ளிக்கரணைப் பறவை

வலைக்கு நஷ்டஈடு கொடுக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. சீனாவில் ஜியாங்சு மாகாணத்தில், வலையில் மாட்டிய வெளிநாட்டுக் கருவிகளை ஒப்படைத்த மீனவர்களுக்கு விழா எடுத்துப் பரிசு கொடுத்தார்கள். உளவு பயத்தில் செய்தது என்றாலும் புத்திசாலித்தனம். இந்த உருளைக்கு முன்னால் உங்கள் மாமாவின் வலை என்ன விலை? ஆனால் தருகிற மனசு வேறு, தருகிற தலைப்பு வேறு. நான் முன்பு ஒப்பந்தத்தில் வேலை பார்த்த ஒரு இடத்தில் நியாயமான ஒரு சின்னத் தொகைக்குக் கோப்பு ஆறு மாதம் சுற்றியது, எந்தக் கணக்குத் தலைப்பில் எழுதுவது என்று தெரியாமல்.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், கோபப்படக் கூடாது. நடுக்கடலில் நங்கூரமிட்ட தரவு மிதவைகள் இருக்கின்றன. அதில் படகைக் கட்டுவார்கள், சோலார் பேனல் காணாமல் போகும், கேபிள் அறுந்து மிதவையே மிதந்து போகும். ஒரு மிதவை செத்தால் அதைச் சரிசெய்யக் கப்பல் போக வேண்டும், அதற்குள் ஒரு புயல் வந்து போய்விடும். அந்தப் புயல் அன்றைக்கு அந்த இடத்தில் ஒரு குருட்டுப் புள்ளி.

வலைக்காரன் பேரன்

இதை மாமாவிடம் படித்துக் காட்டினேன். சிரித்துவிட்டுச் சொன்னார்: மிதவையில் ஏன் கட்டுகிறோம் என்று உங்களில் யாராவது கேட்டீர்களா? கடலில் எது மிதந்தாலும் அதன் நிழலில் சின்ன மீன் சேரும், அதைத் தின்னப் பெரிய மீன் வரும். நாங்களே தென்னை ஓலையைக் கட்டி மிதக்கவிட்டு மீன் சேர்க்கிறவர்கள். நீங்கள் சும்மா ஒரு பெரிய ஓலையைக் கொண்டுவந்து போட்டுவிட்டுக் கிட்டே வராதே என்றால் எப்படி? பேனல் திருடுவது தப்புதான், அதை அவர் ஒத்துக்கொள்கிறார்.

பள்ளிக்கரணைப் பறவை

உங்கள் மாமாவை ஒரு கருத்தரங்குக்குக் கூப்பிட வேண்டும்.

தாம்பரம் சானடோரியம்

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இந்த இயந்திரங்களைப் பற்றி எனக்கு ஒரே ஒரு நினைவுதான்.

எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் விமானப்படைத் தளத்தில் இருந்து கிளம்புகிற விமானங்கள் தெரியும். 2016 ஜூலை 22 காலை போர்ட் பிளேருக்குக் கிளம்பிய ஏ.என்.32-வில் 29 பேர். அன்றைக்கு மாடியில் நின்றேனா என்று எனக்கு ஞாபகம் இல்லை, எத்தனையோ நாள் நின்றிருக்கிறேன், அதுதான் வருத்தம். கப்பல்களும் விமானங்களும் வாரக்கணக்கில் தேடின. ஒன்றும் கிடைக்கவில்லை. செப்டம்பரில் எல்லோரும் இறந்ததாகக் கருதப்படுவதாகக் குடும்பங்களுக்கு எழுதிவிட்டார்கள்.

ஏழரை வருஷம் கழித்து, 2024 ஜனவரியில், பள்ளிக்கரணை என்ஐஓடியின் (தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம்) ஆளில்லா நீர்மூழ்கி எடுத்த படங்களில் அந்த விமானத்தின் பாகங்கள் தெரிந்ததாகப் பாதுகாப்பு அமைச்சகம் அறிவித்தது. சென்னைக் கரையில் இருந்து சுமார் 140 கடல் மைல், 3400 மீட்டர் ஆழம். நாம் இங்கே மஞ்சளா காவியா என்று பேசுவது எல்லாம் சரி, அந்த 29 வீடுகளில் அது வேறு.

பள்ளிக்கரணைப் பறவை

ஐயா, நீங்கள் சொன்னதற்குப் பிறகு தொழில்நுட்பம் பேசக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் அதை எப்படிக் கண்டார்கள் என்று தெரிந்துகொள்வதும் ஒரு மரியாதை என்று நினைக்கிறேன்.

3400 மீட்டர் என்றால் மேலே நாம் உணர்வதைப் போல 340 மடங்கு அழுத்தம், கும்மிருட்டு, ஒளி சில பத்து மீட்டர்கூடப் போகாது. அங்கே பார்ப்பதற்குக் கண் உதவாது, ஒலிதான். இது கிளைடர் இல்லை, புரொப்பெல்லரோடு ஓடுகிற தன்னாட்சி நீர்மூழ்கி. தரைக்கு மேலே கொஞ்சம் உயரத்தில் ஏர் உழுவது மாதிரி போவதும் திரும்புவதுமாக, இரண்டு பக்கமும் ஒலியை வீசி எதிரொலியில் படம் வரையும். சேற்றுச் சமவெளியில் கூர்மையான நிழல் விழுகிற ஏதாவது தெரிந்தால் அந்த இடத்துக்குத் திரும்பப் போய், அருகில் இறங்கி, விளக்குப் போட்டு போட்டோ எடுக்கும். மேலே கப்பலில் இருக்கிறவர்களுக்கு நேரடி ஒளிபரப்பு எதுவும் கிடையாது. ஒலி வழியாகச் சின்னச் சின்னச் செய்தி மட்டும் வரும். அது ஏறி வந்து, நினைவகத்தை இறக்கிப் பார்க்கும்வரை என்ன கொண்டுவருகிறது என்று தெரியாது.

2009-ல் அட்லாண்டிக்கில் விழுந்த ஏர் பிரான்ஸ் 447-ஐயும் இப்படித்தான் 2011 ஏப்ரலில் கண்டார்கள், சுமார் 3900 மீட்டரில். முதல் தேடல்களில் கிடைக்காதது பொறுமையாக உழுதபோது கிடைத்தது.

என்ஐஓடி 1993-ல் ஆரம்பித்தது. கேபிள் கட்டி ஓட்டுகிற ரோசப் 6000-ஐ 2010-லேயே 5289 மீட்டர் வரை இறக்கினார்கள். வேளச்சேரி–தாம்பரம் சாலையில் பஸ்ஸில் போகிறவர்கள் பாதிப் பேருக்கு அந்த மதிலுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று தெரியாது, சதுப்பு நிலத்துக் கொக்கைத்தான் தெரியும்.

சந்தேகசாமி

சரி, இந்த ஒரு விஷயத்துக்கு நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

குமரிக்கடல்

சந்தேகசாமி வாயை மூடியது ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தாயிற்று.

என் பக்கத்தில் இருந்து கடைசியாக ஒன்று. எங்கள் ஊரில் நீரோட்டத்தை நீவாடு என்பார்கள். நீவாடு எந்தப் பக்கம், எவ்வளவு வேகம் என்று பார்க்க வலை விடுவதற்கு முன் கயிற்றில் கல்லைக் கட்டி இறக்குகிற ஆட்கள் இப்போதும் இருக்கிறார்கள். இந்த உருளை அதே நீவாட்டை அளந்து செயற்கைக்கோளுக்கு அனுப்புகிறது. அந்த எண் பக்கத்துப் படகுக்கு வருமா? எல்லை தாண்டினால் கச்சத்தீவுப் பக்கம் எந்திரத்தை மீட்க அதிகாரி போவார், எங்களை மீட்க எத்தனை கடிதம் எழுத வேண்டும் தெரியுமா?

மழைப்பைத்தியம்

ஹைதராபாத்தில் இருக்கிற இன்காய்ஸ் என்ற அரசு கடல் தகவல் மையம் மீன் கிடைக்கும் இடம் பற்றித் தினமும் அறிவிப்பு தருகிறதே. கடல் மேற்பரப்பு வெப்பத்தையும் பச்சையத்தையும் செயற்கைக்கோளில் பார்த்துச் சொல்வது. மேகம் மூடினால் தர முடியாது.

வலைக்காரன் பேரன்

அது மாமாவுக்கும் வருகிறது. அவர் கருத்து: "ஊருக்கே ஒரு எடத்த சொன்னா ஊரே அங்க போய் நிக்கும், அப்பறம் மீன் எங்க நிக்கும்?"

வலைக்காரன் பேரன் | செவ்வாய், இரவு 9:05

எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். நம்முடையதுதான், உளவு இல்லை. சந்தேகசாமி ஏமாந்திருப்பார். வந்தவர்களில் ஒரு பெண், என் வயதுதான் இருக்கும், அதைப் பார்த்ததும் உட்கார்ந்து தடவிப் பார்த்தார், காணாமல் போன மாட்டைக் கண்ட மாதிரி. பல நாளாகத் தொடர்பே இல்லையாம். உள்ளே சேர்ந்த தரவு பத்திரமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டார்.

மாமா அவரிடம், நாற்பது பாகத்தில் அன்றைக்குத் தண்ணீர் எப்படி இருந்தது என்று கேட்டார். அந்தப் பெண் போனில் பழைய வரைபடம் ஒன்றைக் காட்டினார், மேலே இருந்து கீழே இறங்குகிற ஒரு கோடு, ஓரிடத்தில் சடாரென்று இடதுபக்கம் ஒடிகிறது. அந்த ஆழத்துக்குக் கீழே குளிர்ந்த தண்ணீர் என்றார். மாமா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இந்த முறிவு எனக்குத் தெரியும், வலையோட கீழ்க்கயிறு அதுல பட்டா கை சில்லுனு இருக்கும், அன்னிக்கு மேல் மீன் வராது" என்றார். அந்தப் பெண் அதைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டார். மாமாவின் நம்பரையும் வாங்கிக்கொண்டார், படம் அனுப்புகிறேன் என்று. இன்னும் வரவில்லை. வலைக்கு மனு எழுதிக் கொடுங்கள் என்றார்கள், நானே எழுதிக் கொடுத்தேன், எந்தக் கணக்குத் தலைப்பு என்று பறவை அவர்கள்தான் வழி சொல்ல வேண்டும்.

இன்னொரு சின்னப் பிரச்சினை. உடைந்த இறக்கை கடலோடு போய்விட்டது என்று மாமா எல்லோரிடமும் சொன்னாரல்லவா, நானும் இங்கே எழுதினேனே. இன்று சாயந்திரம் மொட்டை மாடிக்குப் போனால் துணிக்கொடி தாழாமல் இருக்க அத்தை ஒரு கறுப்புப் பலகையை முட்டுக்கொடுத்திருக்கிறார். லேசாக இருக்கிறது, வளையவே மாட்டேன் என்கிறது. கேட்டால், "உடஞ்சதுதானேடா, அவங்களுக்கு எதுக்கு" என்கிறார்.

பள்ளிக்கரணைப் பறவை

கொடுத்துவிடுங்கள். எங்கே எப்படி முறிந்தது என்று பார்ப்பார்கள். மனுவோடு சேர்த்துக் கொடுத்தால் மனு கொஞ்சம் வேகமாக நகரும்.

வலைக்காரன் பேரன்

சரி. நாளைக்கு அத்தைக்கு ஒரு மூங்கில் கழி வாங்க வேண்டும்.